நாலாம் நம்பர் ஊட்டு ஆணி

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, காலி ஊடுதானே, ஒரே தூசி. உங்க ஊட்டுக்காரரு ஏன் வாசல் கேட்டுகிட்டயே நின்னுட்டாரு? போனா? பேசட்டும், பேசட்டும். ஊடு பாக்கறது பொம்பளைங்க சோலி. ஆம்பளைங்க வந்தா வண்டி நிறுத்த எடம் இருக்குதான்னு பாப்பாங்க, பாத்துப்போட்டு "நல்லாத்தான் இருக்குது"ம்பாங்க. சமையக்கட்டுல நின்னு வேகப் போறது அவங்களா?

இதுதான் நாலாம் நம்பரு. இது முன்ரூமு. அது சமையக்கட்டு. அதுக்கு அந்தப் பக்கம் பொடக்காளி, குளிக்க, துவைக்க எல்லாம் அங்கதான். சிறுவாணித் தண்ணி வர்றன்னிக்குத் தொட்டியில புடிச்சுக்கலாம், பொழங்கறதுக்குப் போர்த் தண்ணி. காத்து வருது பாத்தீங்களா? இந்த சிங்காநல்லூர்ல லைன் ஊட்டுல இப்படிக் காத்து வேற எங்கயும் வராது.

ஆணிங்களா? அட, உங்க கண்ணும் அங்கதான் போகுதா. எட்டுப் பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க அம்மிணி, எட்டுப் பேரும் ஊட்டைப் பாக்கலே, அந்த ஆணியைத்தான் பாத்தாங்க. கேட்டுல என்ன எழுதி வெச்சிருக்கறேன்னு படிச்சீங்களா? "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது." எங்கூட்டுக்காரரு இருந்தப்ப எழுதுனது. ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சும் அந்த எழுத்தை அழிக்காமக் காப்பாத்தி வெச்சிருக்கறேன். ஆறு ஊட்டுல, இருவத்திமூணு வருசத்துல, இந்த ஒரே ஒரு ஆணி.

யாரு அடிச்சாங்களா? நான்தான்.

சிரிக்காதீங்க. சொல்றேன், இப்படி இந்தத் திட்டு மேல சித்தெ உக்காருங்க. நீங்க குடிவர்றதா இருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கோணும். நான் ஒளிச்சு மறைச்சுப் பேசறவ இல்லே.

எங்கூட்டுக்காரரு போயி பதினாலு வருசமாச்சு. சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி ஆஸ்பத்திரியில என்னையக் கிட்டத்துல கூப்புட்டாரு. நகை எங்க இருக்குது, சாவி எங்க இருக்குதுன்னு சொல்லப் போறாராக்கும்னு நானும் காதைக் கிட்டத்துல கொண்டு போனேன். "குடியிருக்கறவனை நெலைக்க உட்றாதே"ன்னாரு. அவ்வளவுதான். இருவத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துனதுக்கு எனக்குக் கெடச்சது அந்த ஒரு வார்த்தை.

அவரைச் சொல்லியும் குத்தமில்லீங்க. அவரோட சித்தப்பா மகன் ஒருத்தரு பொள்ளாச்சியில ஊட்டை ஒரே ஆளுக்குப் பத்தொம்பது வருசம் உட்டு வெச்சிருந்தாரு. காலி பண்ணச் சொன்னா அந்த ஆளு கோர்ட்டுல போயி நின்னு, "இந்த ஊட்டுலதானுங்க என்ற மூணு புள்ளைகளும் பொறந்துது, நான் எங்கீங்க போவேன்"னு அழுதானாமா. அந்தச் சித்தப்பா மகன் கோர்ட்டுக்கு நடந்தே செத்துப் போனாரு. அதுல இருந்து எங்கூட்டுல எல்லாருக்கும் குடியிருக்கறவங்கன்னாலே ஒரு பயம். ஆணிகூட அந்தப் பயம்தான். இன்னிக்குக் காலண்டரை மாட்டுவான், நாளைக்குச் சட்டையை மாட்டுவான், மறாநாள் "இது என்ற செவுரு"ம்பான். இது எங்கூட்டுக்காரரு சொன்னது.

பதினோரு மாச அக்ரிமெண்டு எல்லாரும் போடறதுதான். ஆனா மத்தவங்க என்ன பண்றாங்க? பதினோரு மாசம் ஆனாப் பத்திரத்தை மட்டும் புதுசா எழுதிக்கறாங்க. ஆளு அங்கயே குத்தவெச்சிருக்கறான். அப்பறம் எப்படி அவனுக்குப் பயம் இருக்கும்? நான் ரோசனை பண்ணுனேன். காயிதம் மட்டும் மாறுனாப் பத்தாது, படுக்கற கட்டலும் மாறோணும். இது நானாக் கண்டுபுடிச்சது அம்மிணி, எந்த வக்கீலும் சொல்லிக் குடுக்கலே.

எப்படீன்னா, பதினோரு மாசம் ஆச்சுன்னா ஒண்ணாம் நம்பர்ல இருக்கறவங்க ரெண்டுக்குப் போயிரோணும். ரெண்டுல இருக்கறவங்க ஒண்ணுக்கு வந்துரோணும். அடுத்த தடவை ரெண்டுல இருந்து மூணுக்கு, இப்படியே ஆறு வரைக்கும். வாடகை ஏத்தமில்லே, அட்வான்சு புதுசா இல்லே. ஊடு மட்டும் வேற. ஒரே ஊட்டுல இத்தனை வருசம் இருந்தேன்னு எந்தக் கோர்ட்டுலயும் ஒருத்தனும் சொல்ல முடியாது. எப்படி?

என்ன அப்படிப் பாக்கறீங்க? இதைச் சொன்னா எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க.

நெசந்தான், பாதிப்பேரு பதினோரு மாசத்துல ஓடியே போயிருவாங்க. போகட்டும்னு உட்டுருவேன். நெலைக்காம இருக்கறதுதானே நமக்கு வேணும்? ஆனா ஒரே ஒருத்தன், பத்துத் தடவை பதினோரு மாசம், நான் சொன்ன ஊட்டுக்கெல்லாம் மாறி மாறிப் போனான். மயில்சாமின்னு பேரு. பம்பு கம்பெனியில மோட்டாரு காயில் கட்டற வேலை. பொண்டாட்டி பேரு கலாமணி. ஒரே புள்ளை, தாரணி. வர்றப்ப அதுக்கு எட்டு வயசு.

அவங்க ரெண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கிட்டவங்க. அவன் பக்கத்துலயும் ஆளில்லே, அவ பக்கத்துலயும் ஆளில்லே. எனக்கு அது சௌகரியமாப் போச்சு. விருந்தாளி வர மாட்டாங்க, தண்ணி மிச்சம்.

ஒண்ணாம் நம்பர்லதான் மொதல்ல உட்டேன். அதுல பொடக்காளியில தண்ணி போகாது, எப்பவும் கணுக்கால் அளவுக்கு நிக்கும். கட்டுனவன் வாட்டத்தை உள்பக்கமா வெச்சுப் போட்டான். எனக்கு முன்னாடியே தெரியும், குடிவர்றவங்ககிட்டச் சொல்றதில்லே. மயில்சாமி ஒரு ஞாயித்துக்கெழமை தரையைப் பேத்துப்போட்டு, செங்கல்லை ஒடைச்சுப் போட்டு வாட்டம் பாத்துப் பூசிட்டான். சிமெண்டு, மணலு நான் வாங்கிக் குடுத்தேன், அதைச் சொல்லியாகோணும். கூலி அவன் கேக்கலே, நானும் அவன் மனசு நோகக் கூடாதுன்னு குடுக்கலே.

பதினோரு மாசம் ஆச்சு. ரெண்டுக்கு மாத்துனேன். ரெண்டுல ஓதம். மழை பேஞ்சா செவுத்துல கை வெச்சா ஒட்டும், சுண்ணாம்பு பொரிஞ்சு பொரிஞ்சு உழுகும். அவன் மேல தார்சுல ஏறிப் பாத்து, எங்கயோ ஒரு வெடிப்பைக் கண்டுபுடிச்சு அடைச்சான். அடுத்த ஐப்பசிக்கு ஓதம் இல்லே. ஆனா அடுத்த ஐப்பசிக்கு அவன் மூணாம் நம்பர்ல இருந்தான். அங்க சுவிட்சைத் தொட்டாச் சுருக்குனு அடிக்கும். அதையும் பாத்தான்.

பாத்தீங்களா, இதுதான் என்ற முறையோட மகிமை. ஒருத்தன் ஒரே ஊட்டுல இருந்தா ஒரு ஊடுதான் நல்லா இருக்கும். மாறிட்டே இருந்தா ஆறு ஊடும் நல்லாகும். அந்த ஆறு வருசத்துல இந்த லைன் அப்படியே புதுசு மாதிரி ஆயிப்போச்சு. வர்றவங்க எல்லாம், "எப்படீங்கம்மா ஒண்டியா இருந்துட்டு இத்தனை நல்லா வெச்சிருக்கறீங்க?"ம்பாங்க. எல்லாம் நம்ம கண்காணிப்புத்தானுங்கன்னு சொல்லுவேன். தப்பில்லையே? ஆளை எங்க வெக்கறதுன்னு தெரியறதும் ஒரு வேலைதானே?

உங்க ஊட்டுக்காரருக்கு என்ன வேலைங்க? கம்ப்யூட்டரா. ஓஹோ. பைப்பு, மோட்டாரு இதெல்லாம் கொஞ்சம் பாப்பாரா? பாக்க மாட்டாரு. இல்லீங்க, சும்மாத்தான் கேட்டேன்.

மாறுற அன்னிக்கு நீங்க பாத்திருக்கோணும். திருவிழா மாதிரி இருக்கும். வாசல்ல சேரு போட்டு நான் உக்காந்துக்குவேன். ராகு காலம் முடிஞ்சு மொதல்ல பால் பொங்கோணும், அப்பறந்தான் சாமான் நகரோணும். இந்த ஊட்டு பீரோ அங்க போகும், அந்த ஊட்டு பீரோ இங்க வரும், நடுவுல ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்கும். நான் உக்காந்த எடத்துல இருந்தே கையைக் காட்டுவேன், நீ போ, நீ நில்லுன்னு. ஒருக்கா ரெண்டு ஊட்டுக் கிரைண்டரும் மாறிப்போச்சு. ஒரு வாரம் ஒருத்தருக்கும் தெரியலே. கலாமணி ஊட்டுல இட்லி சரியா வரலேன்னுதான் கண்டுபுடிச்சாங்க.

கலாமணி வாயே தொறக்க மாட்டா. மாறுற அன்னிக்கு மட்டும் சாமானெல்லாம் போனதுக்கப்பறம், காலி ஊட்டுல ஒருக்கா உள்ள போயி நின்னுட்டு வருவா. என்னத்தையோ மறந்துட்டாளாக்கும்னு நெனச்சுக்குவேன். ஒவ்வொரு ஊட்டுப் பொடக்காளியிலயும் ஒரு முருங்கைக் கம்பை நட்டு வெப்பா. அது காய்க்கறதுக்குள்ள அடுத்த ஊட்டுக்குப் போயிருவா. காயை வேற ஒருத்தர் பறிச்சுத் திம்பாங்க. அவ கேக்கவே மாட்டா. வெவரம் பத்தாதுங்க அவளுக்கு.

வெவரம் பத்தாதுங்கறதுக்கு இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. அஞ்சாம் நம்பர்ல இருந்தப்ப தாரணி பெரிய மனுசி ஆச்சு. அவங்களுக்குத்தான் சொந்தம்னு ஒருத்தரும் இல்லையே, மாமன் சீரு கொண்டுவர ஆளில்லே. லைன்ல இருக்கற பொம்பளைங்க நாலு பேரு கூடுனாங்க. தண்ணி ஊத்தோணும். நான் தூரமா, ஆறாம் நம்பர் வாசல்கிட்ட நின்னுட்டு இருந்தேன். எங்கூட்டுக்காரரு போனதுக்கப்பறம் நான் எந்த நல்ல காரியத்துலயும் முன்னாடி போயி நிக்கறதில்லே அம்மிணி. நின்னாப் பொறத்தால ஒருத்தி முணுமுணுப்பா. எதுக்கு வம்பு? சோத்துப் பந்திக்கு மட்டும் போயி உக்காந்துட்டு வந்துருவேன்.

கலாமணி சொம்பைக் கையில எடுத்துட்டு நேரா எங்கிட்ட வர்றா. "மொதச் சொம்பு நீங்க ஊத்துங்கம்மா"ங்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "ஏம் புள்ளே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா, நான் ஊத்தலாமா?"ன்னேன். "நீங்கதானம்மா இருக்கறீங்க"ன்னா. அப்பறம் என்ன பண்றது? ஊத்துனேன். பாதி புள்ளை தலையில உழுந்துது, பாதி என்ற சேலையில உழுந்துது. மயில்சாமியோட கம்பெனிக்காரன் ஒருத்தன் கேமராவை வெச்சுட்டு மேல உழுந்து உழுந்து எடுத்தான். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலே. வெசனம் இல்லே, சந்தோசந்தான்.

ஆனா அதுக்காக முறையை மாத்த முடியுமா? அடுத்த மாசம் பதினோரு மாசம் முடிஞ்சுது. ஆறாம் நம்பருக்கு மாத்தி உட்டேன்.

ரெண்டாஞ் சுத்து வந்துது. ஒண்ணு, ரெண்டு, மூணு, இந்த நாலு. இந்தத் தை மாசத்தோட நாலுலயும் பதினோரு மாசம் ஆச்சு. அஞ்சுக்கு மாறோணும். அப்பத்தான் கலாமணி ஒம்பது வருசத்துல மொத தடவையா என்ற ஊட்டுக்கு வந்து நின்னா. "அம்மா, தாரணிக்குப் பன்னெண்டாவது பரீட்சை வருதுங்க. இந்த ஒருக்கா நாலுலயே இருந்துக்கறோம். சாமானை அள்ளிக் கொட்டி எடுத்து வெக்கறதுக்கே புள்ளைக்குப் பத்து நாள் படிப்புக் கெட்டுப் போகுது"ன்னா.

அஞ்சாம் நம்பரு இங்கிருந்து எட்டிக் குதிச்சா வந்துரும். இதுல என்ன படிப்புக் கெடுதுன்னு கேட்டேன்.

அப்பறம், "அம்மா, இன்னொண்ணுங்க. ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுங்களா? ஒரு போட்டோ மாட்டோணும். மாறி மாறிப் போறதுல பீரோ மேல வெச்சு வெச்சுக் கண்ணாடி ரெண்டு தடவை ஒடஞ்சு போச்சு"ன்னா.

நான் என்ன சொன்னேன்னா, அம்மிணி, நெசத்தைச் சொல்றேன். "இன்னிக்கு ஆணிம்பே, நாளைக்கு ஊட்டையே கேப்பே"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். வாயில வந்துருச்சு. எங்கூட்டுக்காரரோட வார்த்தை, என்ற வாயில வந்துது. அவ "சரிங்கம்மா"ன்னுட்டுப் போயிட்டா. மயில்சாமியும் வந்து, "சரிங்கம்மா, ஞாயித்துக்கெழமை மாறிக்கறமுங்க"ன்னான். சரிங்கம்மான்னா நாம என்ன நெனப்போம்? அஞ்சாம் நம்பருக்குன்னுதானே நெனப்போம்?

ஞாயித்துக்கெழமை காத்தால நான் காலியா இருந்த அஞ்சாம் நம்பரைக் கூட்டித் தெளிச்சு, கோலம் போட்டு, அடுப்புல பாலை வெச்சுப்போட்டு வெளிய வந்து சேருல உக்காந்தேன். வாசல்ல ஒரு டெம்போ நிக்குது. யாரு ஊட்டுக்குடா டெம்போன்னு பாத்தா, இவங்க சாமான் ஏறிட்டு இருக்குது. பீரோ ஏறுது. கட்டல் ஏறுது. கிரைண்டரு ஏறுது. எனக்கு எந்திரிக்கத் தோணலே. வழக்கம் போல கையைக் காட்டுனேன், இப்படி, அஞ்சாம் நம்பர் அந்தப் பக்கம்னு. ஒருத்தரும் பாக்கலே. உள்ள பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு தீயிற வாசம் வருது. கலாமணி எப்பவும் போலக் காலி ஊட்டுக்குள்ள போயி ஒருக்கா நின்னுட்டு வந்தா. சாவியை என்ற கையில குடுத்தா. "போயிட்டு வர்றமுங்கம்மா"ன்னா.

போனாப் போகட்டும். எனக்கென்ன? ஊருல ஆளா இல்லே?

அம்மிணி, அவங்க போன நாலாவது மாசம் மோட்டாரு எரிஞ்சுது. ஒம்பது வருசத்துல ஒருக்காக்கூட எரியாத மோட்டாரு. கடையில குடுத்துக் காயில் கட்டுனா ஒரு மாசத்துல மறுக்காவும் எரியுது. ஒண்ணாம் நம்பர்ல சாக்கடை அடைச்சுக்குச்சு. பைப்பு வேலைக்கு வந்த ஆளு ஒரு எடத்தைச் சரி பண்ண மூணு எடத்தை ஒடச்சுட்டுப் போயிட்டான். அஞ்சாம் நம்பருக்குப் புதுசா வந்தவங்க தண்ணி வரலேன்னு சண்டை போட்டுட்டு, பதினோரு மாசம் ஆகறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. இந்த லைன்ல எல்லாம் ஒருத்தன் கைப்பக்குவத்துல ஓடியிருக்குது. அதை அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

ஆவணி மாசம், நான் போனேன். எதுக்குப் போனேன்னு கேக்காதீங்க. இந்தப் பொடக்காளி முருங்கை அப்பத்தான் கொத்துக் கொத்தாக் காய்ச்சிருந்துது, ஒரு கட்டுப் பறிச்சுட்டு வரதராஜபுரத்துல அவங்க இருக்கற ஊட்டுக்குப் போனேன். அது சம்பூரணம்னு ஒருத்தியோட ஊடு. எனக்கு அவளை நல்லாத் தெரியும், வெவரங்கெட்டவ. குடிவச்ச ஆளை அப்படியே மறந்துருவா. உள்ள போறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன், கேட்டுக்குப் பெயிண்டு, தொட்டிக்கு மூடி, வாசல்ல தண்ணி நிக்காம வாட்டம். எல்லாம் என்ற மயில்சாமி கைவேலை. எனக்கு வயிறு எரிஞ்சுது.

கலாமணி ஓடி வந்து கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. முருங்கைக்காயை வாங்கி மோந்து பாத்தா. "நாலாம் நம்பருதுங்களா?"ன்னா. காப்பி போடப் போனா. நான் நாற்காலியில உக்காந்து செவுத்தைப் பாக்கறேன். ஆணி. ஒண்ணு ரெண்டில்லே அம்மிணி, எண்ணிப் பாத்தேன், ஏழு ஆணி. காலண்டருக்கு ஒண்ணு, கடிகாரத்துக்கு ஒண்ணு, பை மாட்ட ஒண்ணு, சாவிக்கு ஒண்ணு, என்னத்துக்குன்னே தெரியாம ரெண்டு. ஒண்ணுமே மாட்டாம ஒரு ஆணியை எவளாச்சும் செவுத்துல வெச்சிருப்பாளா? ஆசைக்கு அடிச்சிருக்கறா.

ஏழாவது ஆணி நடுச்செவுத்துல. அதுல ஒரு பெரிய போட்டோ. அவ ஆணி கேட்டப்ப நான் என்ன நெனச்சேன்னா, செத்துப்போன அவ அப்பன் படமா இருக்கும், இல்லே மாமனாரு படமா இருக்கும், என்ற ஊட்டுச் செவுத்துல எதுக்கு எவனோ செத்த ஆளுன்னு நெனச்சேன். கண்ணாடி போட்டுட்டுக் கிட்டத்துல போயிப் பாத்தேன்.

நானுங்க.

நடுவுல தாரணி மஞ்சத் தண்ணியோட மணையில உக்காந்திருக்குது. பொறத்தால நான் சொம்போட நிக்கறேன். பாதிச் சேலை நனைஞ்சு, வாயைப் பொளந்து சிரிச்சுட்டு நிக்கறேன், இந்த ஓட்டைப் பல்லு தெரியறாப்புல. எங்கூட்டுக்காரரு போனதுக்கப்பறம் என்னைய ஒருத்தரும் போட்டோ எடுத்ததில்லே அம்மிணி, ரேசன் கார்டுக்கும் ஆதாருக்கும் தவிர. அப்படி நான் சிரிப்பேன்னு எனக்கே தெரியாது.

மொதல்ல கோவந்தான் வந்துது. உசுரோட இருக்கறவளைக் கொண்டு போயி ஆணியில மாட்டி வெக்கறதான்னு. மாலை கீலை போட்டிருக்கறாளான்னு வேற பாத்தேன். போடலே. கலாமணி காப்பியோட வந்து நின்னா. "யாருன்னு வர்றவங்க கேப்பாங்கம்மா. எங்கம்மான்னு சொல்லிருவேன்"னா. அவளுக்கு நாப்பது, எனக்கு அம்பத்தொம்பது. கணக்குப் போட்டா சரியாத்தான் வருது. ஆனாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"ஊடு இன்னும் காலியாத்தான் இருக்குது"ன்னேன். அதைச் சொல்லத்தான் போனேன், இப்பச் சொன்னா என்ன. அவ என்ற மூஞ்சியைப் பாத்தா. "நல்ல ஆளா வருவாங்கம்மா, வெசனப்படாதீங்க"ன்னா. அவ்வளவுதான். காப்பியைக் குடிச்சுட்டு வந்துட்டேன். மோட்டாரு எரிஞ்சதைச் சொல்லவே இல்லே. பஸ்சுல வர்றப்ப மனசு பொக்குனு போச்சு.

நீங்களே சொல்லுங்க அம்மிணி, தப்பு யாரு மேல? "உங்க போட்டோத்தாம்மா, அதை மாட்டத்தான் ஆணி"ன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேண்டாம்பேனா? நானே சுத்தியைக் கொண்டுவந்து குடுத்திருப்பேன். வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தா? ஒம்பது வருசம் ஒண்ணும் கேக்காம இருந்துட்டு, கேட்ட ஒண்ணையும் பாதி கேட்டா எப்படி?

என்னங்க? நான் கேட்டிருக்கலாமா? என்ன போட்டோன்னு?

...ம். கேட்டிருக்கலாம்.

அவங்க ஊட்டுல இருந்து வந்த அன்னிக்குப் பொழுதோட சுத்தியைத் தூக்கிட்டு இங்க வந்தேன். இந்தச் செவுரு அவன் பூசுனது, இரும்பு மாதிரி இருக்குது. மூணு ஆணி வளைஞ்சு போச்சு, கட்டைவெரலை வேற நசுக்கிக்கிட்டேன், பாருங்க, இன்னும் நகம் கறுப்பா இருக்குது. நாலாவதுதான் எறங்குச்சு, அதுவும் கோணையா. அந்த ஞாயித்துக்கெழமை மயில்சாமி வந்தான். நான் கூப்புடலே. மோட்டாரு சங்கதியை யாரோ சொல்லியிருக்கறாங்க. பொட்டியோட வந்து மோட்டாரைக் கழட்டி, கட்டி, மாட்டி, தண்ணி எடுத்து உட்டான். போறப்ப ஒருக்கா இந்த நாலாம் நம்பருக்குள்ள வந்தான், சுவிட்சுப் பொட்டியைப் பாக்கறதுக்குன்னு. ஆணியைப் பாத்தான். என்னையப் பாத்தான். பொட்டியில இருந்து சுத்தியை எடுத்து ரெண்டு தட்டுத் தட்டி, ஆணியை நேரா நிமுத்தி வெச்சான். "வர்றனுங்கம்மா"ன்னுட்டுப் போயிட்டான். அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது, அவங்க திரும்பி வர மாட்டாங்கன்னு. வர்றதா இருந்தா அதைக் கோணையாவே உட்டுட்டுப் போயிருப்பான், வந்து பாத்துக்கலாம்னு.

சரி, உடுங்க. பழைய கதை. உங்க ஊட்டுக்காரரு போனை வெச்சுட்டாரு பாருங்க, உள்ள வரச் சொல்லுங்க. நீங்க இந்த நாலைப் பாக்காதீங்க அம்மிணி. இது... இது கெடக்கட்டும். பக்கத்துல அஞ்சாம் நம்பரைக் காட்டறேன், இதைவிட அது நல்லா இருக்கும். சாவி இந்தாங்க. அடுப்பு மேடையில ஒரு கறை இருக்கும், பால் தீஞ்சது. தேச்சாப் போகலே. மத்தபடி ஒண்ணும் கொறையில்லே. முருங்கை காய்க்குது, பறிச்சுக்கங்க, அது நான் நட்டதில்லே.

எத்தனை மாசமா? பத்திரத்துல பதினோரு மாசம்னுதான் போடுவேன், அதை மாத்த மாட்டேன். ஆனா கட்டலை நகத்த வேண்டாம். இருக்கற வரைக்கும் இருங்க.

கேட்டுல எழுதியிருக்கறதா? எழுதியிருக்கறது எழுதியிருக்கட்டும், அது அவரு எழுதுனது. நீங்க ஆணி வேணும்னா அடிச்சுக்கங்க அம்மிணி. என்ன போட்டோன்னு மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு அடிங்க.